தண்ணீரை முதலில் வளருங்கள்: மீன் தொட்டி குறித்த வாசகர் கேள்விகள்

மீன் வளர்ப்பு குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிக்லிட் இனத்து நன்னீர் மீன்களைப் பற்றியும் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றியும் கேட்பவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, ஒரு கேள்வியாக்கி இங்கே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: 100 லிட்டர் கொள்ளும் புதிய தொட்டியில் இரண்டு நாட்கள் தண்ணீரை ஓடவிட்ட பிறகே எட்டு மீன்களை விட்டேன். தண்ணீர் பளிங்கு போல இருந்தது. ஆனாலும் பத்து நாட்களுக்குள் ஆறு மீன்கள், மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியபடியே இறந்துவிட்டன. எங்கே தவறு நேர்ந்தது?

உங்கள் மீன்களைக் கொன்றது பெரும்பாலும் அவற்றின் கழிவேதான். மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட இரையும் அழுகி அதனோடு சேர்ந்துகொள்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது பரந்து கரைந்துவிடும். நூறு லிட்டர் தண்ணீரில் அதற்குப் போக்கிடம் இல்லை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது என்பதால், மீனைக் கொல்லும் அளவுக்கு அது கலந்த தண்ணீரும் பளிங்காகவே தோன்றும்.

நாள்பட்ட தொட்டியில் இந்தக் கழிவைக் கவனித்துக்கொள்ள இரண்டு வகை பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கும். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இடையில் தோன்றும் நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடுவதால், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுக்குத் தவித்து மேலே வரும். நீங்கள் கண்ட காட்சி அதுவாகவே இருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் அந்த இரண்டையும் விடத் தீங்கு மிகக் குறைந்தது; வாரந்தோறும் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றினாலே கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் கல்லிலும் ஒட்டிப் படலமாக வாழ்பவை, மெல்லப் பெருகுபவை. புதிய தொட்டியில் அவை போதிய அளவுக்கு வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நீங்கள் தண்ணீரை ஓடவிட்ட இரண்டு நாட்களில் குளோரின் வெளியேறியிருக்கலாமே தவிர, வேறெதுவும் நடந்திருக்காது. உங்கள் குழாய்த் தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலக்கப்படுகிறது என்றால் அது இரண்டு நாட்களில் போகாது; அதற்கென்று விற்கப்படும் குளோரின் நீக்கியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

மீன் இல்லாமலே தொட்டியைப் பதப்படுத்துவதுதான் முறை. மீன் வளர்ப்போர் இதைச் 'சைக்கிளிங்' என்பார்கள். மணமோ சோப்போ கலவாத அம்மோனியா, அல்லது அம்மோனியம் குளோரைடு கரைசலை, தண்ணீரில் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவு காட்டும் வரை சேர்த்து, வடிகட்டியையும் ஹீட்டரையும் இரவு பகலாக ஓடவிட வேண்டும். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கும். சேர்த்த அம்மோனியா முழுவதும் 24 மணி நேரத்தில் மறைந்து, சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக நிற்கும் நாளில் தொட்டி தயார். அன்று பாதிக்கு மேற்பட்ட தண்ணீரை மாற்றிவிட்டு மீன்களை விடலாம். நன்றாக ஓடும் வேறொரு தொட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டு கிடைத்து, அந்தத் தொட்டியில் நோயும் இல்லையென்றால், இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

உயிரோடு இருக்கும் இரண்டு மீன்களுக்காக இன்றிலிருந்தே நாள்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். இரையை ஒன்றுவிட்டு ஒரு நாள், அதுவும் மிகக் குறைவாகப் போடுங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (நீரின் அமில-கார அளவு) ஆகிய நான்கையும் காட்டும் திரவச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். அடுத்த மீனை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு அதுதான்.

கேள்வி: ஏஞ்சல் மீனும் மஞ்சள் நிற லேபிடோ மீனும் சிக்லிட் குடும்பம்தான் என்கிறார்கள். இரண்டையும் ஒரே தொட்டியில் வளர்க்கலாமா?

குடும்பம் ஒன்றே ஆனாலும் அவை பிறந்த நீர் வேறு. ஏஞ்சல் மீன் தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்தது. உப்புகள் குறைந்த, சற்றே அமிலம் சார்ந்த மென்மையான நீரில், செடிகளுக்கும் வேர்களுக்கும் இடையே அசைவின்றி நிற்கப் பழகியது. லேபிடோ ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், பாறை இடுக்குகளில் வாழ்வது. அந்த ஏரி நீர் கடினமானது, அதன் பி.எச். 7.7 முதல் 8.6 வரை இருக்கும். இன்னும் வடக்கே உள்ள டாங்கனிக்கா ஏரியில் பி.எச். 9-ஐ ஒட்டி இருக்கும். தண்ணீரில் ஒரு சமரசம் செய்துகொண்டாலும், பாறையில் வளர்ந்த மீனின் முரட்டுச் சுபாவத்தை ஏஞ்சல் தாங்காது. நீண்ட துடுப்புகள் சில நாட்களில் கிழிந்து தொங்கும். சேர்க்க வேண்டாம்.

எந்தச் சிக்லிட்டை வளர்ப்பது என்ற முடிவை மீனிலிருந்து தொடங்காமல் உங்கள் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் எப்போதும் சொல்வது. கிடைக்கும் தண்ணீர் கடினமாக இருந்தால் மலாவி மீன்கள் எந்த மருந்தும் பொடியும் இல்லாமல் செழிக்கும். மென்மையாக இருந்தால் ஏஞ்சலும் ராம் மீனும் செழிக்கும். தண்ணீரின் இயல்பை வாராவாரம் மருந்து ஊற்றி மாற்றுகிறவர்கள், ஒரு வாரம் மறந்தாலே பி.எச். தாவிக் குதிப்பதைக் காண்பார்கள். சற்றுப் பொருத்தமில்லாத, ஆனால் மாறாத தண்ணீரை மீன் பொறுத்துக்கொள்ளும். நாளுக்கு நாள் மாறும் தண்ணீரைப் பொறுக்காது.

இதோடு சேர்த்து ஒன்று. அலங்காரத்துக்குக் கல் வைக்கும் முன், உலர்ந்த கல்லின் மீது சில துளி வினிகரை விட்டுக் காதருகே வைத்துப் பாருங்கள். மெல்லிய 'சுர்' என்ற ஓசையோடு நுரை பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்தக் கல் தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். மலாவித் தொட்டிக்கு அது நன்மை, ஏஞ்சல் தொட்டிக்கு ஆகாது.

கேள்வி: 120 சென்டிமீட்டர் நீளத் தொட்டியில் ஆறு மலாவி மீன்கள் வைத்திருந்தேன். ஒரு நீல நிற ஆண் மீன் மற்றவற்றைத் துரத்தித் துரத்தி, இப்போது இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. சண்டைக்குப் பயந்து எண்ணிக்கையைக் குறைத்தேனே, பிறகும் ஏன் இப்படி?

எண்ணிக்கை குறைந்ததால்தான். எம்புனா எனப்படும் இந்தப் பாறை மீன்களில் ஒவ்வொரு ஆணும் ஓர் இடுக்கைத் தன் எல்லையாக எடுத்துக்கொள்ளும். கூட்டம் குறைவாக இருந்தால் வலிமையான ஆணின் கோபம் ஒன்றிரண்டு மீன்களின் மீதே விழுந்துகொண்டிருக்கும். கூட்டம் மிகுந்தால் அது எதைத் துரத்துவது என்று தெரியாமல் பாதியிலேயே திரும்பிவிடும். 120×45×45 சென்டிமீட்டர் தொட்டி கணக்குப்படி 243 லிட்டர். கல்லும் மணலும் போக ஏறத்தாழ 200 லிட்டர் நிற்கும். நல்ல வடிகட்டி இருந்தால் அதில் பதினெட்டு முதல் இருபது சிறிய எம்புனாக்களை வைக்கலாம். ஓர் ஆணுக்கு மூன்று பெண்களாவது இருக்க வேண்டும். டெமசோனி என்னும் நீல வரி மீனை விரும்பினால் பன்னிரண்டுக்குக் குறையாமல் வையுங்கள். மூன்றோ நான்கோ வைத்தால் கடைசியில் ஒன்றுதான் இருக்கும்.

இந்த நெரிசல் உங்கள் உழைப்பை இரட்டிப்பாக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வடிகட்டி ஒரு மணி நேரத்தில் தொட்டி நீரை எட்டு முறையாவது சுற்றிவிட வேண்டும். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். ஏனென்றால், அம்மோனியாவின் நச்சு பி.எச். ஏற ஏறக் கூடுவது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7-ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இராது. 8-இல் அது ஏறக்குறைய ஐந்து பங்காகும். 9-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். மென்மையான நீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே சோதனை எண், மலாவித் தொட்டியில் உயிரைக் குடித்துவிடும்.

பாறைகளைக் கண்ணாடித் தளத்தின் மீதே, மெல்லிய தெர்மகோல் தகட்டை விரித்து அடுக்கிவிட்டு, பிறகு மணலைப் போடுங்கள். மணல் மீது அடுக்கினால், மீன் அடியில் தோண்டித் தோண்டிக் கல் சரிந்து கண்ணாடி உடையும். புதிய மீன்களை ஒரே நாளில் கூட்டமாக விடுங்கள். விடும் முன் பாறை அடுக்கைக் கலைத்து வேறு விதமாக அமையுங்கள். எல்லை அழிந்துபோனால் பழைய மீனும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். இரை பற்றி ஒன்று: இவை பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் நீண்ட குடல் கொண்ட மீன்கள். ஸ்பைருலினா என்னும் நுண்பாசி கலந்த தாவர இரையே பொருத்தம். ஆட்டு ஈரல், மாட்டு இதயம் போன்ற இறைச்சியைக் கொடுத்தால் வயிறு ஊதி, இரை மறந்து, வெண்ணிற நூலாகக் கழிந்து இறக்கும். அந்த நோய்க்கு மலாவி ஊதல் என்றே பெயர்.

கேள்வி: என் மஞ்சள் லேபிடோ பதினான்கு நாட்களாக இரை எடுக்கவில்லை. தொண்டை வீங்கியிருக்கிறது. என்ன மருந்து கொடுப்பது?

மருந்து எதுவும் வேண்டாம். அது தாயாகியிருக்கிறது. மலாவி மீன்களில் பெண் மீன் முட்டைகளை இட்டவுடன் வாயில் எடுத்துக்கொள்ளும். ஆண் மீனின் பின்பக்கத் துடுப்பில் முட்டை போன்றே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அவற்றையும் தன் முட்டை என்று எண்ணிப் பெண் கவ்வ முற்படும் நேரத்தில், ஆணின் விந்து வாய்க்குள் சென்று முட்டைகள் கருவுறும். பிறகு ஏறத்தாழ மூன்று வாரங்கள் தாய் பட்டினி கிடந்து அவற்றைக் காக்கும். கண்ணாடிக்கு அருகில் அசையாமல் நின்று பார்த்தால், கீழ்த்தாடை மெல்ல மென்றுகொண்டே இருப்பது போல அசைவது தெரியும். முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் படும்படி அது புரட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி நாட்களில், தாடைத் தோல் ஒளிபுகும் அளவுக்கு இழுபட்டு, உள்ளே கருங்கண்கள் வரிசையாகத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

வலை போட்டுத் துரத்தாதீர்கள். பயந்தால் முட்டைகளைத் துப்பிவிடும், அல்லது விழுங்கிவிடும். குஞ்சுகளைக் காப்பாற்ற விரும்பினால், பதினெட்டாவது நாளை ஒட்டி, இருட்டில் மெதுவாகப் பிடித்துத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். குஞ்சுகளை வெளியே விட்ட பின் தாயை இரண்டு மூன்று நாட்கள் தனியே வைத்து நன்றாக இரை கொடுத்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: 60 லிட்டர் தொட்டியில் ஒரே ஒரு ஆஸ்கர் மீன் வளர்க்கலாமா?

கூடாது. கடையில் விரல் நீளம் இருக்கும் அந்தக் குஞ்சு, நன்றாக வளர்ந்தால் 30 சென்டிமீட்டரை எட்டும். 60 லிட்டர் தொட்டியில் அதனால் திரும்பக்கூட முடியாது. சிறிய தொட்டியில் சிக்லிட் வேண்டுமென்றால், டாங்கனிக்கா ஏரியின் சங்கு மீன்களை வளருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளராத அவை, காலி நத்தை ஓடுகளில் குடும்பம் நடத்தும்; மணலை வாயால் அள்ளித் தங்கள் ஓட்டைச் சுற்றிக் குழி பறிக்கும் காட்சிக்கு ஈடில்லை.

கேள்வி: வாரம் ஒரு முறை தொட்டியை முழுவதுமாகக் காலி செய்து, கல், மணல், வடிகட்டி அனைத்தையும் சுத்தமாகக் கழுவுகிறேன். ஆனாலும் மீன்கள் வாடுகின்றன.

நீங்கள் வாரந்தோறும் தொட்டியை முதல் நாளுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். என் தொடக்க ஆண்டுகளில் நானும் இதைச் செய்தேன். வடிகட்டியின் பழுப்பேறிய பஞ்சைக் குழாயடியில் பிடித்து, வெள்ளை வெளேரென்று வரும் வரை பிழிந்து அலசினேன். மூன்றாம் நாள் காலையில் நான்கு மீன்கள் தரையில் கிடந்தன. அந்தப் பழுப்பு நிறத்தில்தான் தொட்டியின் உயிர் இருந்தது என்பதும், குழாய் நீரின் குளோரின் அதைக் கொன்றது என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது. இன்றுவரை பஞ்சைக் கழுவும்போதெல்லாம் அந்த நான்கு மீன்கள் நினைவுக்கு வருகின்றன.

தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, பஞ்சை அதில் இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். அதுவும் நீரோட்டம் குறைந்தால் மட்டும். மணலைக் குழாய் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்யலாம். வெளியே எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: இருக்கும் சிக்லிட் தொட்டியில் உப்பைக் கரைத்துக் கடல்நீர்த் தொட்டியாக மாற்ற முடியுமா? எனக்கு உள்ள இரண்டு ஆண்டு அனுபவம் போதுமா?

இரண்டு ஆண்டுகள் ஒரு சிக்லிட் தொட்டியை மீன் சாகாமல் நடத்தியிருந்தால், கடல்நீருக்குத் தேவையான பொறுமை உங்களிடம் வந்துவிட்டது. கண்ணாடித் தொட்டியும் ஹீட்டரும் பயன்படும். ஆனால் அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து ஊற்றியிருந்தால், பவளமும் இறாலும் நத்தையும் வளர்க்கும் எண்ணத்துக்கு வேறு தொட்டி வாங்குங்கள். மீன் தாங்கும் செம்பை முதுகெலும்பற்ற உயிர்கள் தாங்கா.

சமையல் உப்பு கடல் உப்பு ஆகாது. கடல்நீரில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் என்று பலவும் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கின்றன. அந்த விகிதத்தில் தயாரிக்கப்பட்ட மீன் தொட்டி உப்புக் கலவையே வேண்டும். அதைக் கரைப்பதற்கு ஆர்.ஓ. வடிகட்டியில் வந்த தண்ணீர் வேண்டும். குழாய் நீரில் உள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியைப் பெருக்கும். ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கடலின் அளவு. இதை அளக்க ஒளிவிலகல்மானி வாங்குங்கள். முள் ஆடும் மலிவான கருவியில் ஒரு சிறு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டாலே முள் மேலே போய், இல்லாத உப்பைக் காட்டும்.

நன்னீரில் இருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் தண்ணீர் குறைகிறது, கரைத்து வைத்த உப்பு நீரை ஊற்றி நிரப்புகிறார்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உப்பு நீரால் நிரப்பினால் தினமும் 105 கிராம் உப்பு கூடுகிறது. ஒரே வாரத்தில் 35 என்ற அளவு 38.7-ஐத் தொட்டுவிடும். ஆவியான நீரை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் நாள்தோறும் ஈடு செய்யுங்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் எவ்வளவு குறைந்தது என்பது தெரியும்.

கடல்நீர்த் தொட்டியின் உண்மையான வடிகட்டி, நுண்துளைகள் நிறைந்த பாறைகள்தாம். அவற்றின் மேற்புறத்தில் ஆக்சிஜன் விரும்பும் பாக்டீரியாக்களும், ஆழமான துளைகளுக்குள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியாக்களும் குடியேறுகின்றன. அதோடு, நுண்ணிய குமிழிகளால் கழிவுப் புரதத்தை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஒன்றையும் வையுங்கள். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும் என்பதால் அங்கே அது பயன்படாது. உப்பு நீரில் நுரை நின்று, கரும்பழுப்புக் கழிவு கிண்ணத்தில் சேரும்.

கேள்வி: முதல் கடல் மீனாகக் கோமாளி மீன் இரண்டும், கோமாளி மீன் அடைக்கலம் புகும் கடற்சாமந்தி (அனிமோன்) என்னும் கடல் உயிர் ஒன்றும், நீல டேங் (tang) மீன் ஒன்றும் வாங்க நினைக்கிறேன். தொட்டி 150 லிட்டர்.

கோமாளி மீன்களுக்கு முழு மனத்தோடு சம்மதம். பண்ணையில் பிறந்தவற்றையே கேட்டு வாங்குங்கள். தொட்டி நீருக்கும் செயற்கை இரைக்கும் பிறந்தது முதல் பழகியவை அவை. இரண்டு குஞ்சுகளில் ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கட்டும். இந்த மீன்கள் எல்லாமே ஆணாகவே முதிரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அந்தப் பெண் இறந்தால் அடுத்த நிலையில் உள்ள ஆண் பெண்ணாகும்.

கடற்சாமந்தியை இப்போது வாங்காதீர்கள். அது இல்லாமலும் கோமாளி மீன் நலமாக வாழும். கடற்சாமந்தியின் உடலில் வாழும் நுண்பாசிகளுக்கு வலுவான ஒளி வேண்டும். நீரில் சிறு மாற்றத்தையும் அது தாங்காது. இடம் பிடிக்காவிட்டால் நகர்ந்து சென்று பம்பின் வாயில் சிக்கி, துண்டாகி, ஒரே இரவில் தொட்டி முழுவதையும் நஞ்சாக்கிவிடும். தொட்டி ஓராண்டைக் கடக்கட்டும்.

நீல டேங் மீன் வேண்டவே வேண்டாம். 30 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, நாள் முழுவதும் நீந்திக்கொண்டே இருக்கும் மீன் அது. அதற்கு இரண்டு மீட்டரை ஒட்டிய நீளம் தேவை. தொட்டியில் இனப்பெருக்கம் செய்வதும் அரிது. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகத்தில் 2016-இல்தான் முதன்முதலாகக் குஞ்சுகளை வளர்த்தெடுத்தார்கள். விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை பவளப்பாறையிலிருந்து பிடிக்கப்பட்டவை. மந்தாரின் மீனையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களை மட்டுமே தேடித் தின்னும் அது, சிறிய தொட்டியில் அழகு குறையாமலே பட்டினியால் மெலிந்து சாகும். பண்ணையில் பிறந்த பாங்காய் கார்டினல் கிடைத்தால் வாங்குங்கள். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சேர்ந்த அந்த மீனில், முட்டைகளை வாயில் காப்பது தந்தை. சிக்லிட் வளர்த்த உங்களுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

கேள்வி: புதிதாக வாங்கிய மீனால் தொட்டி முழுவதும் வெண்புள்ளி நோய் பரவிவிட்டது. கடல் மீனுக்கும் நன்னீர் மீனுக்கும் ஒரே மருந்தா?

பார்வைக்கு இரண்டும் ரவை தூவியது போலத் தெரிந்தாலும் கிருமிகள் வேறு வேறு. இரண்டிலும் புள்ளிக்குள் இருக்கும் கிருமியை மருந்து தொடாது; அது மீனை விட்டுக் கழன்று, பெருகி, மீண்டும் நீந்தி வரும் கட்டத்தில்தான் மடியும். ஆகவே புள்ளி மறைந்த நாளில் மருத்துவத்தை நிறுத்தாதீர்கள். நன்னீர்த் தொட்டியில் வெப்பத்தைச் சிறிது சிறிதாக 30 டிகிரிக்கு உயர்த்தி, காற்றோட்டத்தையும் கூட்டி, மருந்தை இரண்டு வாரம் தொடரலாம். கடல்நீரில் செம்பு மருந்தைத் தனித் தொட்டியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பவளம் உள்ள பெரிய தொட்டியை இரண்டரை மாதம் மீன் இல்லாமல் விட்டால்தான் அதிலுள்ள கிருமி ஒட்ட இடமின்றி அழியும்.

இந்த இரண்டரை மாதத்தைத் தவிர்க்க, 40 லிட்டர் தொட்டி ஒன்றை, ஒரு பஞ்சு வடிகட்டி, ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு ஆகியவற்றுடன் தனியே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் ஒவ்வொரு மீனும் நான்கு வாரங்கள் அதில் இருந்துவிட்டு வரட்டும். அதற்கான பஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் ஒரு மூலையில் ஓடவிட்டு வைத்தால், மீன் வாங்கும் நாளில் அது பதமாக இருக்கும்.